ஆட்சியில் பங்கா, வெளியிலிருந்து ஆதரவா? சிறிய கட்சி எதைக் கேட்க வேண்டும்

அல்சூர்வாசி எழுதியது:

போன ஞாயிறு என் மைத்துனர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு சிறிய கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறார். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். சொன்னால் பேச்சு அந்தக் கட்சியைப் பற்றியதாகிவிடும். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்தார். "கொடி கட்டுவது நாங்கள், பந்தல் போடுவது நாங்கள், அடி வாங்குவதும் நாங்கள். ஜெயித்த மறுநாள் அவர்கள் கோட்டைக்குப் போகிறார்கள், நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். அடுத்த தேர்தலில் அமைச்சர் பதவி தருவதாகச் சொன்னால்தான் கூட்டணி."

அவருடைய வலி எனக்குப் புரிகிறது. 1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் எத்தனையோ கூட்டணிகள் வென்றிருக்கின்றன. ஒரு முறைகூடக் கூட்டணிக் கட்சிக்காரர் ஒருவர் மாநில அமைச்சராகவில்லை. ஆனாலும் நான் அவரிடம் "வேண்டாம்" என்றுதான் சொன்னேன். காரணம், முப்பது ஆண்டுகளாக இந்தப் பெங்களூரில் உட்கார்ந்து நான் பார்த்தது.

மதச்சார்பற்ற ஜனதா தளம் 2004இல் 58 இடங்கள் வென்றது. முதலில் காங்கிரசோடு ஆட்சி. 2006இல் அதை விட்டு பாஜகவோடு ஆட்சி. பாதிப் பாதிக் காலம் என்று பேசிவைத்து, தம் முறை முடிந்ததும் நாற்காலியைக் கைமாற்றவில்லை. 2008 தேர்தலில் 58 என்பது 28 ஆனது. பாஜக 110 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. 2018இல் 37 இடங்களை வைத்துக்கொண்டு முதலமைச்சர் பதவியே கிடைத்தது. காங்கிரசின் 22 அமைச்சர்களுக்கு எதிரே இவர்களுக்கு 12. குமாரசாமி பதவியேற்ற இரண்டே மாதத்தில், சொந்தக் கட்சிக் கூட்டத்தில், நஞ்சை விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று கண்ணீர் விட்டதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பதினான்கே மாதம். 2019 ஜூலை 23 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 99க்கு 105 என்று ஆட்சி கவிழ்ந்தது. 2023இல் அந்தக் கட்சிக்கு 19 இடங்கள்.

முதலமைச்சர் நாற்காலியே கிடைத்த கட்சிக்கு இந்தக் கதி என்றால், ஒரு துறையோ இரண்டு துறையோ வாங்கிக்கொண்டு உள்ளே போகிற கட்சிக்கு என்ன மிஞ்சும்? வெளியிலிருந்து ஆதரவு கொடுக்கலாம், தேவையானதைக் கேட்டு வாங்கலாம், தவறு நடந்தால் எதிர்த்துப் பேசலாம். பெரிய கட்சியின் பாவத்தைச் சுமக்க வேண்டியதில்லை. இது என் கருத்து. அரசியலை அருகிலிருந்து பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

தங்கவயல் பிள்ளை எழுதியது:

அண்ணா, மன்னிக்க வேண்டும், நீங்கள் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

எங்கள் ஊர் தங்கவயல். இந்தியக் குடியரசுக் கட்சியையும் அதிமுகவையும் கர்நாடகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஊர். பெரிய கட்சிகள் எங்களை மதிக்கவில்லை என்ற கோபத்தில் நாங்கள் போட்ட ஓட்டு அது. என்ன கிடைத்தது? ஒற்றை உறுப்பினர் எழுந்து பேசுவார், பேசியது அவைக்குறிப்பில் ஏறும், அதோடு முடிந்தது. 2001இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது என் அப்பாவுக்கு வயது 44. அதற்கு முன்பும் பின்பும் எத்தனை மனு, எத்தனை ஊர்வலம்! முடிவு எடுத்த அறைக்குள் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. வெளியே நின்று கத்துகிறவனுடைய குரல் அந்த அறையின் கதவைத் தாண்டாது.

இப்போது நான் தினமும் காலையில் தங்கவயல் ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அந்த ரயிலில் நின்றுகொண்டு வருகிறவர்களிடம் போய் வெளியிலிருந்து ஆதரவு என்ற உங்கள் தத்துவத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. 2015 பெங்களூரு மாநகராட்சித் தேர்தலை மறந்துவிட்டீர்களா? 198 வார்டுகளில் பாஜக 100, காங்கிரஸ் 76, ஜனதா தளம் 14, சுயேச்சைகள் 8. மேயர் தேர்தலில் நகரத்து எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கும் ஓட்டு உண்டு. அதனால் அந்தப் பதினான்கு பேர் சேர்ந்த பக்கம் மேயர் பதவி போனது. அவர்களுக்குத் துணை மேயர் பதவியும் நிலைக்குழுத் தலைமைகளும் கிடைத்தன. பதினான்கு பேரும் வெளியே நின்றிருந்தால் கிடைத்திருக்குமா? என் மாமா வீடு இருக்கும் தெருவில் மழை பெய்தால் சாக்கடை நீர் சமையலறைக்குள் வரும். பத்தாண்டுகளாகச் சொல்லியும் நடக்காத வேலை, நிலைக்குழுவில் இருந்த ஒருவர் நேரில் வந்து பார்த்த பிறகு ஒரே கோடையில் முடிந்தது. கோப்பில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவர் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்ரீராமபுரம் தையற்கடை எழுதியது:

இரண்டு பேருக்கும் ஒரு சிறு திருத்தம். ஜனதா தளம் 2018இல் நொந்தது பங்கு கேட்டதால் அல்ல. பழைய மைசூர்ப் பகுதியில் அந்தக் கட்சித் தொண்டனும் காங்கிரஸ் தொண்டனும் தலைமுறை தலைமுறையாகப் பகையாளிகள். ஊர்த் திருவிழாவில்கூட இரண்டு பந்தல். மேலே தலைவர்கள் கைகோத்தால் கீழே பந்தல் ஒன்றாகிவிடுமா? 2019 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் 21, தளம் 7 என்று பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஒன்றே ஒன்று வென்றார்கள். தளத்தின் தலைவர் தேவகவுடாவே துமகூரில் தோற்றார். உங்கள் மைத்துனரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: அவர் ஊரில் பெரிய கட்சியின் கிளைச் செயலாளரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க முடிகிறதா?

கொள்ளேகால்காரன் எழுதியது:

எங்கள் ஊரை யாரும் நினைக்கவில்லை. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், ஆகையால் இந்த இழையில் பேச எனக்கும் உரிமை உண்டு!

2018இல் ஜனதா தளத்தோடு கூட்டு வைத்து பகுஜன் சமாஜ் கட்சி கர்நாடகத்தில் வென்ற ஒரே தொகுதி கொள்ளேகால். என். மகேஷ் வென்றார். பள்ளிக் கல்வி அமைச்சரானார். சேரியில் பிறந்த பிள்ளைகளின் பள்ளிக்கு நீலக்கொடிக்காரர் ஒருவர் அமைச்சர் என்றதும் எங்கள் பக்கத்தில் எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? மே மாதம் ஆட்சி அமைந்தது, அக்டோபரில் அவர் பதவி விலகினார். கட்சி ஆதரவை மட்டும் தொடர்ந்தது. 2019 நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசை ஆதரிக்கும்படி கட்சித் தலைவர் மாயாவதி சொல்லியும் அவர் அவைக்கு வரவில்லை. கட்சியை விட்டு நீக்கப்பட்டார். 2021இல் பாஜகவில் சேர்ந்தார். 2023இல் தோற்றார்.

ஒரே ஒரு உறுப்பினர் உள்ள கட்சி அவரையே அமைச்சராக்கினால், கட்சியே அவர் சட்டைப்பையில் போய்விடுகிறது. அவரை நான் குறை சொல்லவில்லை. நல்ல படிப்பாளி, ஊர் ஊராக நடந்து கட்சி வளர்த்தவர். அமைச்சரான ஐந்து மாதங்களில் எங்கள் கிளைக் கூட்டங்கள் நின்றுபோயின. எல்லோரும் சிபாரிசுக் கடிதத்தோடு பெங்களூருக்கு பஸ் ஏறினார்கள்.

சட்டக்கல்லூரி மாணவி எழுதியது:

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

2003இன் 91ஆவது அரசியல் சாசனத் திருத்தத்துக்குப் பிறகு அமைச்சர்களின் எண்ணிக்கை அவையின் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 224 பேர் உள்ள கர்நாடகத்தில் முதலமைச்சரையும் சேர்த்து 34. 234 பேர் உள்ள தமிழ்நாட்டில் 35. முன்பெல்லாம் கூட்டணிக் கட்சியைத் திருப்திப்படுத்தப் புதுப் பதவி உருவாக்கலாம். இப்போது ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பெரிய கட்சி தன் ஆளில் ஒருவரை இறக்க வேண்டும். ஆகவே, சிறிய கட்சிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பதவிக்குப் பின்னாலும் ஏமாந்த ஒரு மாவட்டச் செயலாளர் இருப்பார். தேர்தலில் அவர்தான் நமக்கு வேலை செய்ய வேண்டியவர்.

இரண்டாவது, கட்சி மாறுகிற உறுப்பினரின் பதவியைப் பறிக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பலாம் என்ற வழியை அதே 91ஆவது திருத்தம் அடைத்தது. மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சியோடு இணைவதற்கு மட்டும் இன்னும் வழி இருக்கிறது. நூறு பேர் உள்ள கட்சியில் 67 பேரை வளைப்பது பெரிய பாடு. நான்கு பேர் உள்ள கட்சியில் மூன்று பேர் போதும். உள்ளே போனாலும் வெளியே நின்றாலும் சிறிய கட்சிக்கு இந்த ஆபத்து உண்டு. ஆனால் உள்ளே போன பிறகு அந்த மூன்று பேரும் தினமும் பெரிய கட்சிக்காரர்களோடுதான் பழகுவார்கள்.

அல்சூர்வாசி எழுதியது:

கொள்ளேகால் நண்பர் சொன்னதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. சிபாரிசுக் கடிதத்தோடு பஸ் ஏறினார்கள் என்ற வரியை மைத்துனருக்கு அப்படியே அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

தங்கவயல் தம்பி, உன் கோபம் நியாயம். உன் அப்பா வயதுக்காரர்கள் பட்டதை நான் அறிவேன். ஆனால் நீ சொன்ன நிலைக்குழு, ஒரு தெருச் சாக்கடை அளவுக்கு. மாநில ஆட்சியில் ஒரு சிறிய கட்சி உள்ளே போய்த் தன் மக்களுக்கு நிலையாக எதையாவது நிறுத்திய உதாரணம் ஒன்று காட்டு.

கோழிக்கோட்டில் பதினோரு ஆண்டு எழுதியது:

நான் காட்டுகிறேன், ஐயா. இப்போது ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன். அதற்கு முன் வேலை நிமித்தமாகக் கோழிக்கோட்டில் இருந்தேன். பேருந்தில் மலப்புரம் போகாத வாரம் இல்லை.

1967இல் கேரளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் ஏழு கட்சி முன்னணி வென்றது. அதில் முஸ்லிம் லீகுக்கு 14 உறுப்பினர்கள். அதற்கு முன் 1960இல் காங்கிரசோடு கூட்டு வைத்து வென்றும் லீகுக்கு அமைச்சர் பதவி கொடுக்கவில்லை. பேரவைத் தலைவர் பதவியோடு நிறுத்திவிட்டார்கள். உங்கள் மைத்துனரின் அதே புண். 1967இல் அவர்கள் உள்ளே போனார்கள். நிதித் துறையும் காவல் துறையும் அவர்களுக்கு வரவில்லை. சி.எச். முகம்மது கோயா கல்வி அமைச்சரானார், அகமது குரிக்கள் பஞ்சாயத்துகளைப் பார்த்தார்.

1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் வந்தது. அதுவரை மலபார்ப் பிள்ளைகள் பட்டம் வாங்கத் தெற்கே திருவனந்தபுரத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். 1969 ஜூன் 16 அன்று மலப்புரம் மாவட்டம் பிறந்தது. அந்த மாவட்டத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு! வகுப்புவாத மாவட்டம் என்றெல்லாம் தூற்றினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த அமைச்சரவை போய்விட்டது. பல்கலைக்கழகம் போகவில்லை, மாவட்டம் போகவில்லை. லீகும் போகவில்லை, இன்றும் அந்தப் பகுதியில் அசைக்க முடியாமல் நிற்கிறது.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. அப்போது லீகின் மாநிலத் தலைவர் பாஃபகி தங்ஙள். அவர் அமைச்சராகவில்லை. பின்னால் தலைமைக்கு வந்த பாணக்காட்டுத் தங்ஙள்களும் அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கட்சித் தலைவர் வீட்டு வாசல் திறந்தே இருக்கும். அமைச்சர் அங்கே வந்து பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கொள்ளேகாலில் நின்றுபோன கிளைக் கூட்டம் அங்கே நிற்காததற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜாலஹள்ளி ஓய்வூதியர் எழுதியது:

வணக்கம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் ஆரணிப் பக்கம்.

தமிழ்நாட்டில் கூட்டணிக் கட்சிக்கு அமைச்சர் பதவியே கிடைத்ததில்லை என்று இளைஞர்கள் பேசும்போதெல்லாம் எனக்குப் பொறுக்காது. அல்சூர்வாசி 1967 என்று ஆண்டு போட்டுத் தப்பித்துக்கொண்டார். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

1952இல் முதல் பொதுத் தேர்தல். அப்போதைய சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடங்கள், காங்கிரசுக்கு 152தான். எங்கள் வட மாவட்டங்களில் வன்னியர்கள் இரண்டு கட்சிகளாக நின்று வென்றிருந்தார்கள். தென்னார்க்காடு, சேலம் பக்கம் எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்கள். வடஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்கள். இராஜாஜி அமைச்சரவை அமைத்தபோது நாயக்கரைச் சேர்த்துக்கொண்டார். வருவாய்த் துறை கொடுத்தார். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் படையாட்சியாரும் அமைச்சரானார். இரண்டு கட்சிகளும் கலைக்கப்பட்டன. உறுப்பினர்கள் காங்கிரசில் கரைந்தார்கள்.

என் தகப்பனார் காமன்வீல் கட்சிக்காகக் கையால் சுவரொட்டி எழுதியவர். "நம்ம ஆள் மந்திரி" என்று ஊரே கொண்டாடியதாம். அடுத்த தேர்தலில் அதே சுவரில் எழுதுவதற்குக் கட்சி இல்லை. அந்த மாவட்டங்களில் அந்த மக்களை நம்பி ஒரு கட்சி மறுபடி ஊன்றி நிற்க, 1989இல் பாமக தொடங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள்.

கோழிக்கோட்டு நண்பரே, நீங்கள் சொன்ன இடத்தில்தான் எங்கள் முடிச்சும் இருக்கிறது. நாயக்கரும் படையாட்சியாரும் தாங்களே உள்ளே போனார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவில்லை.

தங்கவயல் பிள்ளை எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஆனால் அல்சூர் அண்ணனுக்கு நான் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. உள்ளே போய் அழிந்தவர்களை எல்லோரும் எண்ணிவிட்டீர்கள். வெளியே நின்று அழிந்தவர்களை யார் எண்ணுவது? 2006இல் தமிழ்நாட்டில் திமுகவுக்கு 96 இடங்கள்தான். 34 இடங்கள் வைத்திருந்த காங்கிரஸ் ஐந்தாண்டுகளும் அமைச்சர் பதவி இல்லாமல் வெளியிலிருந்தே தாங்கியது. 2011இல் 63 இடங்களில் போட்டியிட்டு 5. மதிமுக 2004இல் நான்கு எம்.பி.க்களை வைத்துக்கொண்டு மத்திய அமைச்சர் பதவி வேண்டாம் என்றது. அந்த நேர்மையை மதிக்கிறேன். அதனால் கட்சி வளர்ந்ததா?

கரோல்பாக் முன்னாள் எழுதியது:

பெங்களூருக்கு மாறுவதற்கு முன் டெல்லியில் இருந்தேன். 2013 டிசம்பரில் ஆம் ஆத்மிக்கு 28, காங்கிரசுக்கு 8. எட்டுப் பேரும் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தார்கள். 49 நாட்களில் ஆட்சி முடிந்தது. 2015 தேர்தலில் ஆம் ஆத்மி 67, காங்கிரஸ் பூஜ்யம். எங்கள் தெருவில் பழைய காங்கிரஸ்காரர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது: தாங்கவும் செய்தோம், திட்டும் வாங்கினோம், ஒரு தெருவிளக்குகூட எங்கள் பெயரில் எரியவில்லை என்று.

அல்சூர்வாசி எழுதியது:

தம்பி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. வெளியே நின்றால் கறை படியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். 2006 காங்கிரசையும் 2013 டெல்லியையும் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

இருந்தாலும் வெளியே நின்று சாதித்த ஒரு கணக்கு எனக்குத் தெரியும். 2004இல் இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசை வெளியிலிருந்து ஆதரித்தார்கள். ஆனால் வெறும் கையோடு ஆதரிக்கவில்லை. குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் என்று எழுதி வாங்கினார்கள். ஒருங்கிணைப்புக் குழுவில் உட்கார்ந்து அதைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஊரக வேலை உறுதிச் சட்டமும் வந்தன. நூறு நாள் வேலை என்று இன்றும் என் ஊர்ப் பெண்கள் சொல்வது அதைத்தான். அவர்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் இல்லாமல் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. ஆனால் 2009இல் மார்க்சிஸ்ட் கட்சியின் 43 இடங்கள் 16 ஆயின. வேலை கொடுத்த பெயர் காங்கிரசுக்குப் போனது.

ஆக, இடதுசாரிகள் எழுதி வாங்கினார்கள், கோப்பு அவர்கள் கையில் இல்லை. லீக் கோப்பைக் கையில் வைத்திருந்தது, தலைவரை வெளியே வைத்திருந்தது. நாயக்கரிடம் கோப்பு இருந்தது, வீட்டில் ஆளில்லை. இப்படி அடுக்கிப் பார்த்தபோது எனக்கே என் பழைய கருத்து நிற்கவில்லை. மைத்துனர் உள்ளே போகட்டும். ஆனால் எந்தத் துறைக்கு என்று தேர்தலுக்கு முன்பே எழுதி வாங்கட்டும், கட்சித் தலைவர் மட்டும் போகவே கூடாது.

ஸ்ரீராமபுரம் தையற்கடை எழுதியது:

தலைவர் வெளியே இருந்தால் மட்டும் போதும் என்றால் பாமகவை என்ன சொல்வீர்கள்? நிறுவனர் எந்தப் பதவிக்கும் போகவில்லை. 2004 முதல் 2009 வரை மத்திய சுகாதாரத் துறை அவர்கள் கையில். பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை 2008இல் வந்தது. நல்ல வேலை, நான் மனதார வாழ்த்தினேன். 2009இல் அணி மாறிப் போட்டியிட்ட எல்லா இடங்களிலும் தோற்றார்கள்.

கோழிக்கோட்டில் பதினோரு ஆண்டு எழுதியது:

சரியான கேள்வி. ஐந்தாண்டுகள் அமைச்சராக இருந்துவிட்டுத் தேர்தலுக்கு முதல் மாதம் அணி மாறினால், செய்த வேலையை யாரிடம் போய்ச் சொல்வது? அமைச்சர் மகன், வெளியே இருப்பவர் தந்தை என்றால் அந்த இடைவெளிக்கும் பொருளில்லை. தவிர, புகைத் தடை நாடு முழுவதற்குமான நன்மை. விழுப்புரத்து வாக்காளர் தன் வீட்டு வாசலில் பார்க்கிற நன்மை அல்ல. லீக் கேட்ட கல்வித் துறை அவர்கள் வீட்டுப் பிள்ளை கையில் பட்டமாக வந்து சேர்ந்தது.

ஆகவே அல்சூர்வாசி ஐயா, உங்கள் மைத்துனரிடம் எந்தத் துறை வேண்டும் என்று கேளுங்கள். யோசிக்காமல் உடனே பதில் சொன்னால் அந்தக் கட்சி உள்ளே போகத் தயார்.

அல்சூர்வாசி எழுதியது:

கேட்டேன். நேற்று இரவு அரை மணி நேரம் தொலைபேசியில் பேசினோம். முதலில் "எது கொடுத்தாலும் சரி" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் பதிவுகளையெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஜாலஹள்ளி ஐயாவின் தகப்பனார் சுவரில் எழுதிய கதையைக் கேட்டதும் அவர் பக்கம் பேச்சே இல்லை. அவருடைய தாத்தாவும் அந்தக் கட்சியில்தான் இருந்தாராம். எனக்கே இப்போதுதான் தெரியும்.

பிறகு, தன் பையில் இருக்கும் மனுக்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். முதியோர் உதவித்தொகை இரண்டு. சுடுகாட்டுப் பாதை ஒன்று. பள்ளிக்கூடக் கழிப்பறை ஒன்று. மீதி எல்லாம் வீட்டுமனைப் பட்டா. முப்பது, நாற்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் குடியிருந்தும் கையில் காகிதம் இல்லாதவர்கள். "அப்படியென்றால் வருவாய்த் துறைதான் மச்சான்" என்று அவரே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜாலஹள்ளி ஓய்வூதியர் எழுதியது:

நாயக்கர் வைத்திருந்த அதே துறை. கேட்கட்டும். இந்த முறை கிளைக் கூட்டத்தை மாதம் தவறாமல் நடத்தச் சொல்லுங்கள்.

சட்டக்கல்லூரி மாணவி எழுதியது:

கூட்டணி ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் போய் அமல்படுத்த முடியாது. ஆனாலும் இரு தலைவர்களும் கையெழுத்திட்டு மேடையில் வாசித்த காகிதத்தை மறுப்பது கடினம். வருவாய்த் துறை, பட்டா வழங்கக் கால வரம்பு, மாதம் ஒரு முறை கூடும் ஒருங்கிணைப்புக் குழு, இவை மூன்றும் இருக்கும்படி ஒரு பக்க வரைவு எழுதித் தருகிறேன். பட்டா மனுக்களின் நகல் எனக்கு வேண்டும் ஐயா. மக்களின் பெயரையும் கதவு எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.